மணி அடித்த பிறகு

நம்ம பிள்ளைகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்து வாத்தியார்கள் ஒரு குற்றப்பட்டியல் வைத்திருக்கிறார்கள். எந்தத் துறைக்குப் போனாலும் அதே பட்டியல்தான். நேரத்துக்கு வரமாட்டான். வந்தால் கடைசி பெஞ்சு. பதில் தெரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டான். எழுதி முடிச்சிட்டேன்பான், கொடுக்கமாட்டான். கொடுக்கச் சொல்லி நெருக்கினால் இரண்டு வாரம் ஆளே காணாமல் போவான். நாளைக்கு வைவா என்றால் இன்றைக்கு ராத்திரியே பஸ் ஏறி ஊருக்குப் போயிடுவான். கடைசியில், 'சலுகை கொடுத்தாலும் பயன்படுத்திக்கத் தெரியல சார் இவங்களுக்கு' என்று முடியும் அந்தப் பட்டியல்.

இப்போது இதற்கெல்லாம் படித்த பெயர்கள் வந்துவிட்டன. துளிக் குறையும் இல்லாமல் செய்தால்தான் ஆச்சு என்று கிடந்து மாய்வதற்குப் பெர்ஃபெக்‌ஷனிசம் என்று பெயர். தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொள்வதற்கு இன்னொரு பெயர். 1978ல் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பழக்கத்தை ஆராய்ந்து எழுதினார்கள். தோற்றுப்போனால் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக, முன்கூட்டியே தனக்கு ஒரு தடையைத் தானே போட்டுக்கொள்கிற பழக்கம் அது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி இரண்டாவது ஆட்டம் சினிமாவுக்குப் போகிற பையனை நான் பார்த்திருக்கிறேன். ஃபெயிலானால், 'நான் எங்கடா படிச்சேன்' என்று சொல்லிக்கலாம். புத்தி போதலே என்ற பேச்சு வராது பாருங்கள். அதனால் இந்தப் பழக்கங்கள் இல்லவே இல்லை, எல்லாம் மேல்சாதிக்காரன் கட்டிவிட்ட கதை என்று நான் சொல்லமாட்டேன். இருக்கின்றன. நானும் ஏழு வருஷம் எஸ்.சி. ஆஸ்டலில் கிடந்தவன், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராய்ச்சி மாணவர்களோடு உட்கார்ந்து அவர்கள் எழுதியதைப் படிக்கிறவன். ஆனால் மனசுக்குள் மட்டுமே இதற்குக் காரணம் தேடுகிறவர்கள், இந்தப் பழக்கத்துக்கு என்ன வயசு என்று கேட்பதே இல்லை. யார் வீட்டு வாசலில் நின்று இதைக் கற்றுக்கொண்டோம்?

நமக்கு முன்னால் போன ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இரட்டைமலை சீனிவாசன். 1939ல் வந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சின்னப் புத்தகத்தில், கோயம்புத்தூர்க் கலாசாலையில் தான் வாசித்த காலத்தைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. அங்கே சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பார்ப்பனர்கள். தன்னுடைய சாதி, குடும்பம், குடியிருக்கிற இடம் இதெல்லாம் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்ற பயம் அவருக்கு. அதனால் பள்ளிக்கு வெளியிலேயே எங்காவது இருந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவாராம். வகுப்பு விட்டதும் மற்ற பையன்களின் கைக்கு எட்டாமல் விறுவிறுவென்று நடந்து வீடு போய்ச் சேர்ந்துவிடுவாராம். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியவில்லையே என்று மனம் கலங்கியதையும் சொல்லியிருக்கிறார்.

அந்த வகுப்பு வாத்தியாரின் நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். தினமும் கடைசியாக வருகிறான். யாரோடும் பேச்சில்லை. மணி அடித்ததும் ஓடுகிறான். மேலே சொன்ன பட்டியலில் முக்கால்வாசி பொருந்திவிட்டது. பிந்தி வந்த அந்தப் பையன் நேரத்துக்கே வந்து வெளியே உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தவன் என்பது எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவரே சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. அவர் சொல்வதற்கும் கிட்டத்தட்ட எண்பது வயசாக வேண்டியிருந்தது. வட்டமேசை மாநாடு வரைக்கும் போய்வந்த பிறகு, மறைத்து வைத்திருந்ததை ஒரு சின்னப் புத்தகத்தில் இறக்கி வைத்தார்.

1893ல் அவர் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தச் சொல் வெளியே தெரிந்துவிடக்கூடாது என்று மணி அடிக்கும்வரை ஒளிந்திருந்தாரோ, அந்தச் சொல்லையே முதல் பக்கத்தில் அச்சடித்தார். நம்ம மேடைகளில் இதை வீரக்கதையாகச் சொல்கிறோம். வீரம்தான், சந்தேகமில்லை. எனக்கு என்னவோ, அந்த ஓட்டமும் நடையுமாகப் போன சாயங்காலங்கள்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகின்றன. ஒளிவது அவருக்கு ஒரு கருவியாக இருந்தது. அது இல்லாவிட்டால் அந்தக் கல்லூரியில் நீடித்திருப்பாரா என்பது சந்தேகம்.

இன்றைக்கும் அந்தக் கருவி கைமாறிக் கைமாறி வருகிறது. 'எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்?' என்பது பழைய கேள்வி. 'உன் கட் ஆஃப் எவ்வளவு, ரேங்க் எவ்வளவு?' என்பது புதுக் கேள்வி. கேட்கிறவனுக்கு மதிப்பெண்மேல் ஒரு அக்கறையும் கிடையாது, அந்த எண்ணை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்கிறான். அதனால் நம்ம பையன் கேன்டீனுக்குப் போவதில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு நுழைகிறான். சந்தேகம் இருந்தாலும் வாத்தியார் அறைக்குப் போய்க் கேட்பதில்லை. நாலு மாசம் கழித்து வருகைப்பதிவு குறைகிறது, இன்டர்னல் மார்க் குறைகிறது, அரியர் விழுகிறது. வேலியே பயிரை மேயுற கதை. ஆனால் வேலி எதற்காகப் போட்டான் என்று கேட்காமல், 'ஏண்டா உன் பயிரை நீயே மேஞ்சே' என்று கேட்கிறார்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

குறையில்லாமல் செய்யணும் என்கிற வெறியும் இந்த வேலியின் இன்னொரு பக்கம்தான். ஒரு தம்பி பஞ்சமி நிலங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தான். இரண்டு வருஷம் ஆவணக் காப்பகத்தில் தூசி தின்று, முதல் இயலை எழுதி எனக்குக் காட்டினான். நல்லா இருந்தது. கொண்டுபோய்க் கைடு கையில் கொடுடா என்றேன். 'இன்னும் ஒருவாட்டி பாத்துட்டுக் குடுக்கிறண்ணே' என்றான். அடுத்த வாரம் அடிக்குறிப்பு சரியில்லை. அடுத்த மாசம் இங்கிலீஷ் சரியில்லை. அதற்கடுத்த மாசம், மொதல்லேர்ந்தே வேற மாதிரி எழுதணுமாம். அழிக்கிறான், எழுதுகிறான், அழிக்கிறான். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'ஏண்டா, உன்கூட இருக்கிறவன்லாம் பாதி எழுதினதைக் கொண்டுபோய் நீட்டுறான், திட்டு வாங்குறான், திருத்திக் குடுக்குறான். உனக்கு மட்டும் என்னடா?' என்று கேட்டேன். நிதானமாகச் சொன்னான்: 'அவன் தப்பு பண்ணா டைப்பிங் மிஸ்டேக்குண்ணே. நான் பண்ணா கோட்டா.'

இதை அவனாகக் கற்பனை செய்துகொண்டான் என்று எப்படிச் சொல்வது? நம் ஒருவனுடைய தவறு நம் எல்லோருடைய தவறாகக் கணக்கில் ஏறுவது இந்த நாட்டின் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. 1947க்குப் பிறகு இருந்த கணக்குப்படி 14 இடங்களில் ஆதிதிராவிடர்க்கு 2, பார்ப்பனர்க்கும் 2. மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காமல் செய்துவிட்டது என்று செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பிறகு தெரிந்தது. இருந்தாலும் 1951ல் உச்ச நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்த வழக்கோடு 'தகுதி' என்ற சொல் நம்ம வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 335ஆவது பிரிவைப் பாருங்கள். நமக்கு வேலை கொடுப்பதைப் பற்றிப் பேசுகிற அதே வாக்கியத்தில் 'நிர்வாகத் திறன்' கெடக்கூடாது என்ற கவலை வருகிறது. மற்றவர்கள் வேலைக்கு வருகிறபோது அந்தக் கவலை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. எழுபது வருஷத்துக்கும் மேலாக இப்படிச் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறவன் கமா, முற்றுப்புள்ளிக்குக் கூடப் பயப்படாமல் என்ன செய்வான்?

இதில் நம்ம பக்கத்துக் குற்றமும் ஒன்று இருக்கிறது. அதையும் பேசியாக வேண்டும்.

நம்ம ஒவ்வொரு சேரியிலும் ஒரு அம்பேத்கர் நிற்கிறார். கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். அவர் வாங்கிய பட்டங்களைப் பேனரில் ஒவ்வொரு வருஷமும் ஒன்றிரண்டு கூட்டி அடிக்கிறோம். எம்.ஏ., பி.எச்டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி., பாரிஸ்டர் என்பது போதாதா? அந்தப் படத்தைக் காட்டி, 'பாருடா, அவரு எப்படிப் படிச்சாரு' என்று பிள்ளைகளை விரட்டுகிறோம். கலைவாணி படம் மாட்டியிருந்த இடத்தில் இவரை மாட்டிவிட்டுத் தேங்காய் மட்டும்தான் உடைக்கவில்லை.

1907ல் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் எழுதிய பீமராவ் வாங்கிய மதிப்பெண் 750க்கு 282. நூற்றுக்கு 37.6. அந்தக் காலத்து மதிப்பெண் வேறு, இந்தக் காலத்து மதிப்பெண் வேறு, ஒப்பிடக்கூடாது என்பார்கள். சரி, ஒப்பிட வேண்டாம். ஆனால் அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். தங்கள் பிள்ளை ஒருவன் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டான் என்று கூட்டம் கூட்டினார்கள். எஸ்.கே.போலே தலைமை தாங்கினார். கெலுஸ்கர் என்ற ஆசிரியர், தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். 1956 அக்டோபரில் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு அவர் பௌத்தம் ஏற்றதற்கு விதை போட்டவற்றில் அந்தப் புத்தகமும் ஒன்று. 282 வாங்கியவனுக்குக் கூட்டமா, 700 வாங்கட்டும் பார்க்கலாம் என்று அந்த சனங்கள் சொல்லியிருந்தால்? கெலுஸ்கரின் முயற்சியால்தான் பரோடா மன்னரின் உதவித்தொகை மாசம் 25 ரூபாய் கிடைத்து அவர் கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்தார்.

அதற்கப்புறமும் நேர்ரோடு கிடையாது. 1916ல் லண்டனுக்குப் போனார். 1917ல் உதவித்தொகைக் காலம் முடிந்துபோய்ப் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அவர் புத்தகங்களை ஏற்றி வந்த வேறொரு கப்பல் யுத்தத்தில் தாக்கப்பட்டு மூழ்கியது. 1918ல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். அங்கே ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்கு உடன் வேலை பார்த்தவர்கள் ஆட்சேபித்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜா கொடுத்ததையும் நண்பரிடம் வாங்கிய கடனையும் சேர்த்து 1920ல் மறுபடியும் லண்டன். ரூபாயின் சிக்கல் பற்றி டி.எஸ்சி. பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஆங்கிலேய ஆட்சியின் பணக் கொள்கையை அப்படிப் போட்டு வாங்கியிருந்தது அது. 1923ல் நடந்தது இது. அவர் பம்பாயில் உட்கார்ந்து, முடிவுகளை விட்டுக்கொடுக்காமல் சொன்ன விதத்தை மட்டும் மாற்றி, சில மாதங்களில் திரும்ப அனுப்பினார். அந்த வருஷமே பட்டம் வந்தது.

திருப்பி அனுப்பப்பட்ட தீசிஸ்! நம்ம ஆஸ்டல் பையன் எவனுக்காவது இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? சிலையின் பீடத்தில் பட்டங்களைப் பொறிக்கிற நாம், 282ஐப் பொறிக்கவில்லை, திரும்பி வந்த அந்தக் கட்டையும் பொறிக்கவில்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1936ல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டலத்தார் அவர் உரையில் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னபோது மறுத்துவிட்டார். மாநாடே நின்றுபோனது. பேசாத பேச்சை அவரே செலவு செய்து 1,500 பிரதிகள் அச்சடித்தார். இரண்டு மாசத்தில் தீர்ந்துபோனது. லண்டனில் திருத்தியவர் லாகூரில் திருத்தவில்லை. எது படிப்பிலுள்ள குறை, எது அடுத்தவனின் அச்சம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. நம்ம தம்பிகள் அழித்து அழித்து எழுதுகிறபோது அந்த இரண்டும் கலந்துபோய்க் கிடக்கிறது.

மனசில் நடப்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேச கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்து 2004ல் வெளியிட்டார்கள். மேல்சாதியில் 321 பேர், நம்ம பக்கம் 321 பேர். காகிதத்தில் வழிகண்டுபிடிக்கிற புதிர். எத்தனை புதிரைத் தீர்க்கிறாயோ அதற்கேற்ற காசு. சாதியைச் சொல்லாமல் உட்காரவைத்தபோது இரண்டு பக்கமும் சமமாகவே செய்தார்கள். பேரையும் சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு உட்காரவைத்தபோது நம்ம பிள்ளைகள் பின்தங்கிப் போனார்கள். அதே பிள்ளைகள், அதே புதிர். இன்னொன்றும் செய்தார்கள். யாருக்குக் காசு என்பதை ஆள் முடிவு செய்யாமல் குலுக்கலில் விட்டுப் பார்த்தார்கள். அந்த இடைவெளி மறைந்துபோனது. நாம் எவ்வளவு உழைத்தாலும் பலன் நேர்மையாக வராது என்று எதிர்பார்க்கிற பிள்ளையின் கை தளர்ந்துபோகிறது என்று இதற்குப் பொருள். நான் படித்த கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் வருஷா வருஷம் முதல் வாரத்திலேயே, 'ஸ்காலர்ஷிப் வாங்குற எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்து நில்லுங்க' என்பார். எண்ணிக்கை எடுக்கத்தானாம். எழுந்து நின்றவர்கள் அந்த வருஷம் முழுக்க உட்காரவே இல்லை.

வைவாவுக்கு முதல் நாள் பஸ் ஏறுகிறவனைக் கோழை என்கிறார்கள். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகம் அமைத்த அப்துல் நாஃபே குழு 2016ல், சேர்க்கைத் தேர்வில் ஒவ்வொரு பிரிவு மாணவரும் எழுத்தில் வாங்கியதையும் நேர்முகத்தில் வாங்கியதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பாகுபாடு இருப்பதைக் காட்டுகிற வித்தியாசம் இருந்தது. நேர்முகத்துக்கான மதிப்பெண்ணைக் குறைக்கச் சொன்னது. காகிதத்தில் முகம் தெரியாது, எதிரே உட்கார்ந்தால் தெரிந்துவிடுகிறது. பஸ் ஏறுகிறவன் பயப்படுவது பொய்யான ஒன்றுக்கு இல்லை. அவன் ஏறிய பஸ்தான் அவனை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கப் போவதில்லை.

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. சேலம் மாவட்டத்திலிருந்து, பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து போய் இயற்பியலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த செந்தில்குமார் 2008 பிப்ரவரியில் உயிரை விட்டார். அவருக்கு ஒரு நெறியாளரையே ஒதுக்கியிருக்கவில்லை. பாடத் தேர்வுகள், நெறியாளர் ஒதுக்கீடு ஆகியவற்றில் அந்தத் துறை நடந்துகொண்ட விதத்தின் குளறுபடிகளைப் பல்கலைக்கழகம் அமைத்த குழுவே பின்னால் எடுத்துச் சொன்னது. எட்டு வருஷம் கழித்து, 2016 ஜனவரி 17ல், அதே பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா. ஏழு மாச உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், அவருக்கு வரவேண்டியிருந்தது. அறிவியல் எழுத்தாளனாக ஆசைப்பட்டவன், கடைசிக் கடிதத்தில் அந்தப் பாக்கியையும் எழுத வேண்டியிருந்தது. 2017ல் வெளிவந்த ரூபன்வால் ஆணைய அறிக்கை, சாவுக்குக் காரணம் அவருடைய சொந்த விரக்தி, பல்கலைக்கழகத்துக்குப் பங்கில்லை என்றது. அவர் தலித்தே இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது. 'தன்னைத் தானே கெடுத்துக்கொண்டான்' என்ற பேச்சு அரசாங்கக் காகிதத்தில் ஏறினால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த அறிக்கையைப் பார்த்தால் போதும். ஆலோசகர் அறையில் ஆறுதலாகச் சொல்லப்படுகிற அதே வார்த்தை, விசாரணை ஆணையத்தில் தீர்ப்பாகிவிடுகிறது.

உதவித்தொகை ஆறு மாசம் பிந்தி வருவதற்கு என்ன மனநோய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் யாராவது எனக்குச் சொல்லுங்கள். காசு வராத மாசங்களில் நம்ம ஆராய்ச்சி மாணவன் டியூஷன் எடுக்கிறான், கேட்டரிங் வேலைக்குப் போகிறான், ராத்திரி மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறான். இயல் தாமதமாகிறது. தாமதமானதால் கைடு முகத்தில் முழிக்கக் கூச்சம். கூச்சத்தால் இன்னும் தாமதம். இவ்வளவு தாமதமாகக் கொடுப்பது பிசிறில்லாமலாவது இருக்கட்டும் என்று மறுபடியும் அழிக்க ஆரம்பிக்கிறான். ஊரில் முதல் பட்டதாரி என்று ஃப்ளெக்ஸ் கட்டிய அப்பாவுக்குப் போனில், 'இன்னும் மூணு மாசத்துல முடிஞ்சிரும்பா' என்று மூணாவது வருஷமாகச் சொல்கிறான். பெண் பிள்ளைகள் என்றால் அதோடு கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். அவர்களுக்கு மூணு வருஷம் யாரும் கொடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வைத்திருக்கிற ஒரே விதி, முடிக்காததைத்தான் கொண்டுவர வேண்டும் என்பது. முடித்ததைக் கொண்டுவந்தால் வாங்குவதில்லை. எழுதியவரே சத்தமாக வாசிக்க வேண்டும். தப்பு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, இது ஆவணத்திலுள்ள தப்பா, மொழியிலுள்ள தப்பா, இல்லை யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயமா என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். மூன்றாவது வகை என்றால் அந்த வரியைத் தொடக்கூடாது, அப்படியே விட்டுவிட வேண்டும். முதலில் இதற்கு ஒத்துக்கொள்ளாதவன் பஞ்சமி நிலத் தம்பிதான். நாலு மாசம் வெறுமனே வந்து மற்றவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அஞ்சாவது மாசம் பதினெட்டுப் பக்கம் கொண்டுவந்தான், அதில் ரெண்டு பக்கம் பென்சிலில். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கைடிடம் கொடுத்தான். சிவப்பு மையில் நிறைய வந்தது. 'நெறயத் திட்டியிருக்காருண்ணே' என்று காட்டினான். எண்ணிப் பார்த்தோம். அடிக்குறிப்பில் பதினாலு, இங்கிலீஷில் இருபத்திரண்டு, ஒரு வருஷம் தப்பு. சாதியைப் பற்றி எதுவும் இல்லை, இந்த முறை.

போன வாரம் பதினொரு பேர் வந்தார்கள். ஒன்பது பேர் வாசித்தார்கள். ரெண்டு பேர் வெறுங்கையோடு வந்து கதவோரமாக நின்றார்கள். வாசிப்பது தொடங்கி அரை மணி நேரம் கழித்து உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.